ஐஸ் பெக்டரிக்கு வைஃபை போட்டு எட்டு மாசம்: காசு குடுத்தவன் எழுதுற ரிவியூ

முதல்லயே சொல்லிடுறன், இது வீட்டுக்கு ரவுட்டர் வாங்குற ஆக்களுக்கு எழுதுறது இல்லை, ஆனா வீட்டுக்காரரும் வாசிக்கலாம், ஏனெண்டா நாங்க விட்ட பிழை எல்லாம் வீட்டிலயும் விடுற பிழைதான். எங்கட அத்தானுக்கு திருகோணமலையில நிலாவெளி றோட்டில ஆறாம் கட்டைக்குக் கிட்ட ஒரு ஐஸ் பெக்டரி இருக்கு. அவற்ற அப்பா துவங்கினது. பெரிசெண்டும் சொல்லேலாது, சின்னனும் இல்லை, சல்லி, சாம்பல்தீவு, இறக்கக்கண்டிப் பக்கத்து போட்டுக்காரர் கனபேர் எங்களிட்டத்தான் ஐஸ் ஏத்துறவங்கள். நான் அங்க கணக்கு பாக்கிறன். கணக்கு எண்டு பேர்தான், கரண்ட் பில், லொறிக்காரனோட சண்டை, கமரா, கொம்பியூட்டர், பிரிண்டரில பேப்பர் சிக்கினா இழுத்து எடுக்கிறது, எல்லாம் என்ர தலையிலதான்.

ஆறாம் கட்டையில எங்களுக்கு வந்தது ரெண்டு கட்டை சிக்னல். இது பெக்டரியில பழைய பகிடி, போன வருசம் வரைக்கும் நாளுக்கு ரெண்டு தரம் ஆராவது சொல்லுவினம்.

நெட் எங்களுக்கு எதுக்கு எண்டு கேப்பீங்கள். ஓடர் முழுக்க வாட்ஸ்அப்பில வருது, போட் முதலாளிமார் விடிய நாலு மணிக்கு வொய்ஸ் போடுவினம், "தம்பி இருவது கட்டி வேணும்" எண்டு. கணக்கு சொப்ட்வெயார் கிளவுட்டில கிடக்கு. காசு இப்ப பாதிப்பேர் லங்காகியூஆர்ல ஸ்கான் பண்ணித்தான் போடுறாங்கள், நெட் போனா லொறி கேட்டில நிக்கும், நிண்டா ஐஸ் உருகும், உருகினா கிலோவில குறையுது எண்டு சண்டை. எட்டு கமரா வேற. ஐஸ் கட்டி உறைய வைக்கிற உப்புத்தண்ணி டாங்கியில வெப்பநிலை பாக்கிறதுக்கு ஒரு சின்ன சென்சரும் போட்டிருந்தம், அது கிழமையில ரெண்டு நாள் உயிரோட இருக்கும்.

இதைச் சரிக்கட்ட மூண்டு வருசமா நாங்க செய்தது என்னெண்டா சாமான் வாங்கினது. முதல்ல ஒபிஸ் அலுமாரிக்கு மேல ஒரு ஃபோர்ஜி ரவுட்டர். உள்ளுக்கு எட்டேல்ல எண்டு ஒரு ரிப்பீட்டர். அதுக்கும் எட்டேல்ல எண்டு ரிப்பீட்டருக்கு ரிப்பீட்டர். ஒரே ரேடியோவால கேட்டு அதே ரேடியோவால திருப்பிச் சொல்லுற சாமான் ஒவ்வொரு தகவல் பக்கெட்டையும் ரெண்டு தரம் காத்தில விடுது, அதால வேகம் பாதியாகுது, ரெண்டாவது ரிப்பீட்டரில அது இன்னும் குறையும். இது எனக்கு இப்ப தெரியும். அப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கட்டை நாலு காட்டுது ஆனா வாட்ஸ்அப்பில வட்டம் சுத்துது எண்டதுதான். போனில தெரியுற கட்டை பக்கத்தில இருக்கிற ரிப்பீட்டர் எவ்வளவு பலமாக் கத்துது எண்டுதான் காட்டும், ரிப்பீட்டருக்குப் பின்னால என்ன நடக்குது எண்டு அதுக்கு என்ன தெரியும்.

போன வருசம் கச்சான் காத்து அடிக்கிற மூட்டம் எனக்குப் பொறுமை போச்சு. மூண்டு பேரைக் கூப்பிட்டன். முதல் வந்தவர் கேட்டுக்குள்ள வராமலே "ஆறு அன்டெனா உள்ள ரவுட்டர் ஒண்டு போடுவம் அண்ணை" எண்டார். ரெண்டாவது ஆள் போனிலயே விலை சொல்லிட்டார். மூண்டாவது கிண்ணியாப் பொடியன் ஒருவன், அவன் சொன்னது "அளக்க ஒரு நாள் வேணும், அதுக்கு ஆறாயிரம், வேலை எனக்குத் தந்தா பில்லில கழிப்பன்". அத்தான் குதிச்சார். பாக்கிறதுக்குக் காசோ, இவர் என்ன டொக்டரோ எண்டு. டொக்டரும் மருந்து எழுத முன்னம் பாக்கிறதுக்குத்தானே எடுக்கிறார் எண்டு சொல்லி என்ர கையால ஆறாயிரம் குடுத்தன். கடைப் பேர் இதில போட வேண்டாம் எண்டு அவனே சொன்னவன், இருக்கிற வேலையே முடிக்க நேரமில்லையாம். அது உண்மைதான், வாறன் எண்ட நாளில இருந்து மூண்டு நாள் பிந்தித்தான் வந்தவன், போனும் எடுக்கேல்ல. ஒரு ஸ்டார் அதிலயே போச்சு.

ஆனா வந்த பிறகு அவன் செய்த வேலை இருக்கே. முதல்ல ரவுட்டரின்ர உள்பக்கத்தைத் திறந்து ஒரு நம்பரைக் காட்டினான், ஆர்எஸ்ஆர்பி எண்டு. எங்களுக்கு மைனஸ் 112. கட்டையைப் பாக்காதீங்கோ அண்ணை, இதைப் பாருங்கோ எண்டான். டவரில இருந்து வாற சிக்னல் எவ்வளவு பலமா வந்து சேருது எண்ட கணக்கு, பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது, மைனஸ் 85, 90 எண்டா சந்தோசமா இருக்கலாம், 110 தாண்டினா பிச்சைதான். பிறகு அதே ரவுட்டரை ஒரு நீட்டு வயரோட எடுத்துக்கொண்டு ஏணியில ஏறி தகரக் கூரைக்கு மேல பிடிச்சான். மைனஸ் 88. இருவத்திநாலு வித்தியாசம்தானே எண்டு நான் நினைச்சன், அது அப்பிடி இல்லையாம், ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு, இருவத்திநாலு எண்டா கிட்டத்தட்ட இருநூத்தைம்பது மடங்கு. அதே டவர், அதே சிம், அதே ரவுட்டர். மூண்டு வருசம் நாங்க தகரத்துக்குக் கீழ வச்சுக்கொண்டு கம்பனிக்குப் போன் அடிச்சு ஏசிக்கொண்டிருந்தம். ஏசினது முழுக்கப் பிழையும் இல்லை, இரவு எட்டு மணிக்கு டவரில ஊரே ஏறி நிக்கும், அதுக்கு ஏணியும் உதவாது. பொடியன் விடிய ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் தனித்தனியா டெஸ்ட் போட்டு எழுதினது அதுக்குத்தான்.

அடுத்தது உள்ளுக்க. ஐஸ் பெக்டரி எண்டது வைஃபைக்கு எமன். சுத்திவர இரும்பு, நடுவில தண்ணி. இரும்பு திருப்பி அடிக்கும், தண்ணி குடிச்சுப்போடும். போதாததுக்கு எங்களுக்கு முன்னால பின்னால கெஸ்ட் ஹவுஸ், ஒவ்வொண்டிலயும் மாடிக்கு ஒரு ரவுட்டர். போன் அப்ல பாத்தா இருவத்திமூண்டு வைஃபை தெரியுது, பெரும்பாலானது ஆறாம் சனலில. 2.4 கிகாஹேர்ட்ஸில ஒண்டு, ஆறு, பதினொண்டு எண்ட மூண்டு சனலும்தான் ஒண்டோட ஒண்டு முட்டாது. எங்கட ரிப்பீட்டர் ரெண்டும் ஒட்டோவில கிடந்து மூண்டாம் சனலில, அதாவது ஒண்டோடயும் முட்டி ஆறோடயும் முட்டி.

இந்த முட்டுறது என்னெண்டு அவன் அத்தானுக்கு விளங்கப்படுத்தின விதம் எனக்குப் பிடிச்சது. போட்டில இருக்கிற ரேடியோ செட்டை எடுத்துக்கொள்ளுங்கோ எண்டான். ஒரே சனலில ரெண்டு போட்டுக்காரன் ஒரே நேரம் பட்டனை அமத்தினா ஒருத்தனும் ஒண்டும் கேக்க மாட்டான், கீ எண்டு சத்தம்தான். அதால ஒருக்காக் காது குடுத்துக் கேட்டிட்டு, சும்மா இருந்தாப் பேசுறது. வைஃபையும் அப்பிடித்தான், கேட்டிட்டு, கொஞ்சம் பொறுத்திட்டு, பேசும். அதுக்கு முந்தி 1971ல ஹவாய்த் தீவுகளுக்கிடையில அலோஹா எண்டு ஒரு ரேடியோ நெட்வேர்க் ஓடினதாம், நோர்மன் ஏப்ரம்சன் எண்ட பேராசிரியர் செய்தது, அதில கேக்கிற வேலை இல்லை, நினைச்ச நேரம் அனுப்பு, முட்டினாத் திருப்பி அனுப்பு. அந்த முறையில சனலின்ர நேரத்தில கூடினது 18 வீதம்தான் உருப்படியாப் போகும் எண்டு கணக்கிலயே காட்டலாம், நேரத்தைத் துண்டு துண்டா வெட்டி துண்டின்ர துவக்கத்தில மட்டும் அனுப்பினா 37 வீதம். மிச்சம் முட்டலும் சும்மா இருக்கிறதும்.

அப்ப கேட்டிட்டுப் பேசினாச் சரிதானே எண்டு அத்தான் கேட்டார். இல்லை. மூதூர்ப் பக்கத்து போட்டுக்கும் குச்சவெளிப் பக்கத்து போட்டுக்கும் ஒருத்தற்ற குரல் ஒருத்தருக்குக் கேக்காது, நடுவில திருகோணமலையில நிக்கிறவருக்கு ரெண்டும் கேக்கும். அவங்கள் ரெண்டு பேரும் "சனல் சும்மா கிடக்கு" எண்டு நினைச்சு ஒண்டாப் பேசுவாங்கள், நடுவில நிக்கிறவற்ற காதிலதான் முட்டும். எங்கட டாங்கியின்ர இந்தப் பக்கச் சென்சரும் அந்தப் பக்கக் கமராவும் அதே நிலைமையிலதான் கிடந்தது, நடுவில இரும்பும் உப்புத்தண்ணியும். சென்சர் கிழமையில ரெண்டு நாள் உயிரோட இருந்த ரகசியம் இது.

இன்னொண்டு. கேட்டில இருக்கிற வாட்ச்சர் ஐயாவுக்கு ஒரு பழைய போன், அவர் வைஃபையில பாட்டுக் கேப்பார். அவரால எங்கட நெட் எல்லாம் படுத்தது எண்டா நம்புவீங்களோ. நான் நம்பேல்ல. பாலம் வர முன்னம் கிண்ணியாப் பாதையில, அதுதான் வாகனம் ஏத்துற மிதவையில, போனதை யோசிச்சுப் பாருங்கோ எண்டான் பொடியன் (பாலம் 2009ல திறந்தது, இவனுக்கு அப்ப என்ன வயசு எண்டு நான் கேக்கேல்ல). மோட்டர் சைக்கிளுக்கும் ஒரு முறைதான், நொண்டி லொறிக்கும் ஒரு முறைதான், ஆனா லொறி ஏறி முடிய அரை மணித்தியாலம், மோட்டர் சைக்கிள்காரன் எவ்வளவு கெதியா ஏறத் தெரிஞ்சாலும் காத்துத்தான் கிடக்கோணும். வைஃபை ஒவ்வொரு ஆளுக்கும் சம முறை குடுக்குது, சம நேரம் குடுக்கேல்ல. தூரத்தில இருக்கிற போன் சிக்னல் காணாம ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில மெல்ல மெல்லப் பேசும், அது முடியும் வரைக்கும் மற்ற எல்லாரும் வாய் பொத்திக்கொண்டு நிக்கோணும். 2003ல பிரான்சில ஆராய்ச்சிக்காரர் இதை அளந்தே காட்டினவை, 11 எம்பிபிஎஸ்ல ஓடுற ஆக்களுக்கு நடுவில ஒருத்தன் ஒரு எம்பிபிஎஸ்ல நிண்டா எல்லாருக்கும் கிடைக்கிறது ஒண்டுக்கும் கீழ வந்திடும். பொடியன் செய்தது, கேட்டுக்குக் கிட்ட ஒரு ஏபி (வைஃபை விடுற பெட்டி) போட்டான், மற்றது 1, 2 எம்பிபிஎஸ் எண்ட மெதுவான வேகங்களை செட்டிங்ல நிப்பாட்டினான். ஐயா இப்பவும் பாட்டுக் கேக்கிறார்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. போகேக்க ஒரு சின்னப் பெட்டியை ஒபிஸில செருகிட்டுப் போனான், அது அஞ்சு செக்கனுக்கு ஒருக்கா நெட் உயிரோட இருக்கோ எண்டு தட்டிப் பாத்து எழுதும், ஒரு கிழமை கழிச்சு வாறன் எண்டான்.

இனித்தான் கதை. ஒரு கிழமையால வந்து லிஸ்டை விரிச்சான். பகலில அங்கங்க சின்னச் சின்ன வெட்டு, அது கமரா எட்டும் கிளவுட்டுக்கு ஏத்திக்கொண்டே இருக்கிறதால வாற நெருக்கடி, ஃபோர்ஜியில இறங்குற பாதை அகலம், ஏத்துற பாதை ஒழுங்கை, அந்த ஒழுங்கை நிறைஞ்சா ரவுட்டருக்குள்ளயே கியூ நிண்டு பிங் (ஒரு தட்டுப் போய்த் திரும்பி வர எடுக்கிற நேரம்) 900 மில்லிசெக்கனுக்குப் போகுது, இதுக்கு பஃபர்புளோட் எண்டு ஒரு பேர் வேற இருக்கு. அதைக் கமரா ரெக்கோடரை உள்ளுக்கயே வச்சு முடிச்சிட்டான். ஆனா ஏழு இரவில அஞ்சு இரவு, ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில, நெட் முழுசாச் செத்து ரெண்டு மூண்டு நிமிசத்தில திரும்ப வந்திருக்கு. அதாவது ரவுட்டர் நிண்டு திரும்ப ஸ்டார்ட் ஆகியிருக்கு. கரண்ட் வெட்டு இல்லை, கமரா ரெக்கோடர் யுபிஎஸ்ல கிடந்தாலும் லைட் அணையாதது படத்தில தெரியுது. பொடியன் கேட்டான், "அந்த நேரத்தில பெரிய மோட்டர் ஏதும் ஸ்டார்ட் பண்ணுறீங்களோ?" கொம்ப்ரெசர் மோட்டர் நேரா ஸ்டார்ட் பண்ணினா ஓடேக்க இழுக்கிற கரண்டை விட ஆறேழு மடங்கு இழுக்கும், வோல்டேஜ் ஒரு கணம் விழும், ரவுட்டர் மாதிரிச் சின்னச் சாமான் அதில செத்துப் பிறக்கும்.

அத்தான் சொன்னார், கொம்ப்ரெசர் இருவத்திநாலு மணித்தியாலமும் ஓடுது, இரவில ஏன் ஸ்டார்ட் பண்ணோணும்.

மெசின் லொக் புத்தகத்தை எடுத்தம். ஒவ்வொரு மணித்தியாலமும் பிரெசர், டாங்கி வெப்பநிலை எழுத வேண்டிய புத்தகம். இரவு பத்தில இருந்து விடிய ஆறு வரைக்கும் ஒன்பது வரி, ஒன்பதும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே நம்பர். ஒரு பக்கம் இல்லை, புத்தகம் முழுக்க. அத்தான் பக்கத்தைத் திருப்பத் திருப்ப எனக்கு என்ர சட்டைக் கொலர் இறுகின மாதிரி, ஏனெண்டா ஒவ்வொரு மாசமும் அந்தப் புத்தகத்தில கீழ சைன் வச்சது நான்.

இரவு ஒப்பரேட்டர் அண்ணையைக் கூப்பிட்டு, அத்தானை வெளியில நிக்கச் சொல்லிட்டு, தேத்தண்ணி குடுத்துக் கேட்டன். அவர் மறைக்கேல்ல. கொண்டென்சருக்கு (சூடான கேஸை ஆத்துற பகுதி) தண்ணி போற தொட்டி இருக்கு, அதுக்கு கிணத்து மோட்டரைக் கையால போட்டு நிரப்போணும், பத்து மணிக்கு நிரப்பினாலும் சில இரவு ரெண்டு மூண்டு மணிக்குத் தண்ணி இறங்கிடும், இறங்கினா பிரெசர் ஏறி கட்-அவுட் சுவிட்ச் விழுந்து கொம்ப்ரெசர் நிண்டிடும், சத்தம் நிண்டவுடன அவருக்கு முழிப்பு வரும், தண்ணி விட்டு, ஆற விட்டு, திரும்பப் போடுவார். முக்கால் மணித்தியாலம், சில நேரம் ஒண்டரை. ஏன் அண்ணை சொல்லேல்ல எண்டு கேட்டன். ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒருக்காச் சொன்னவராம், அத்தான் நித்திரை கொள்ளவோ சம்பளம் எண்டு ஏசி அரை நாள் வெட்டினவராம். அதுக்குப் பிறகு சொல்லுறேல்ல.

விடியக் காலமை சில நாள் கட்டி நடுவில பால் மாதிரி, ஓட்டையா, உறையாமத் தண்ணி நிக்கும், போட்டுக்காரர் கத்துவினம், நாங்க உப்புக் காணாது, கேஸ் காணாது எண்டு ஆளுக்கொரு காரணம் சொல்லிக் காசு கொட்டினம். கடைசியில ஆறாயிரம் ரூபா வைஃபை சேர்வேதான் அதைக் கண்டுபிடிச்சது. கிணத்து மோட்டருக்கு ஒரு புளோட் சுவிட்ச் போட்டதோட முடிஞ்சுது. அத்தான் அண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்ல, தொட்டிக்குக் கிட்டப் போய் நிண்டு தண்ணியைப் பாத்துக்கொண்டே நிண்டார்.

அந்த நேரம்தான் அத்தான்ர மூத்தவள், கோணேசபுரி கம்பஸ்ல முகாமைத்துவம் படிக்கிறவள், ஒரு வினாக்கொத்தோட வந்து நிண்டாள். உற்பத்தி செய்யுற கம்பனியளை எப்பிடி நடத்துறாங்கள் எண்டு உலகம் முழுக்க அளந்த ஆராய்ச்சி ஒண்டு இருக்கு, நிக் ப்ளூம், ஜோன் வான் ரீனன் எண்ட ரெண்டு பொருளியல்காரர் துவக்கினது, 2007ல வந்த முதல் கட்டுரையில அமெரிக்கா, பிரான்ஸ், ஜேர்மனி, பிரித்தானியா நாலிலயும் 732 கம்பனி, 18 விசயம், ஒவ்வொண்டுக்கும் ஒண்டில இருந்து அஞ்சு வரை மார்க். தந்திரம் என்னெண்டா மார்க் போடுறாங்கள் எண்டு மனேஜருக்குச் சொல்லுறேல்ல, ஓம் இல்லை எண்டு கேக்கிறதும் இல்லை, "எப்பிடி" எண்டு கேட்டுக் கதைக்க விடுறது. கேக்கிற ஆளுக்கும் கம்பனியின்ர லாப நட்டம் தெரியாது, ரெண்டு பக்கமும் கண் கட்டின மாதிரி. இவளுக்கு வீட்டில எந்த நகை எந்த பாங்கில கிடக்கு எண்டது வரைக்கும் தெரியும், அதால ஒரு கண்தான் கட்டினது.

"அப்பா, நேற்று எத்தினை கட்டி உடைஞ்சது எண்டு எப்பிடித் தெரியும்?"

"நான் பாத்தாத் தெரியும்."

"நீங்க பாக்காட்டி?"

"பாக்காத நாள் இல்லையே."

"நல்லா வேலை செய்யுறவருக்கு என்ன செய்யுறீங்கள்?"

"எல்லாருக்கும் தீவாளிக்கு ஒரே போனஸ், எனக்கு வித்தியாசம் இல்லை." இதைச் சொல்லேக்க முகத்தில ஒரு பெருமை.

"ஒரு பிரச்சினை வந்தா அது உங்களுக்கு எப்பிடி வந்து சேருது?" இதுக்கு மட்டும் அத்தான் என்னைப் பாத்தார்.

கடைசியில பத்துக்கு எத்தினை போடுவீங்கள் உங்கட பெக்டரிக்கு எண்டு கேட்டாள், எட்டு எண்டார். அவள் போட்ட சராசரி அஞ்சுக்கு 1.8. அத்தானில மட்டும் பிழை சொல்லேலாது, உலகம் முழுக்க மனேஜர்மார் தங்களுக்குத் தாங்களே பத்துக்கு ஏழு கிட்டப் போடுறவையாம், அந்த மார்க்குக்கும் கம்பனி உண்மையில ஓடுற விதத்துக்கும் பெரிசா ஒரு சம்பந்தமும் இல்லையாம். அதே 2007 கட்டுரையில இன்னொரு முடிவும் இருக்கு, போட்டி குறைஞ்ச இடத்திலயும், குடும்பக் கம்பனியை மூத்த மகனிட்ட அப்பிடியே குடுத்த இடத்திலயும் நிர்வாகம் கூடுதலா மோசம் எண்டு. அத்தான் மூத்த மகன். ஆறாம் கட்டையைச் சுத்தி வேற ஐஸ் பெக்டரியும் இல்லை. அவள் அதைச் சத்தமா வாசிச்சிட்டுக் குசினிக்குள்ள ஓடிட்டாள்.

அவள் சொன்ன இன்னொண்டு எனக்கு உறைச்சது. மும்பாய்க்குக் கிட்ட இருக்கிற நெசவு ஆலையளில சில ஆக்களுக்கு ஆலோசகரை அனுப்பி, சாமானை ஒழுங்கா அடுக்கிறது, பழுது வந்தா எழுதுறது, எழுதினதை ஒவ்வொரு நாளும் கூடிப் பாக்கிறது எண்ட மாதிரிச் சாதாரண விசயங்களைப் பழக்கிப் பாத்திருக்கினம், 2013ல வந்த கட்டுரை, முதல் வருசத்திலயே உற்பத்தித்திறன் 17 வீதம் ஏறியிருக்கு. புது மெசின் வாங்காம. முன்னம் ஏன் செய்யேல்ல எண்டு பாத்தா, கனபேருக்கு அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது, தெரிஞ்ச ஆக்கள் எங்களுக்கு அது தேவையில்லை எண்டு நினைச்சிருக்கினம். இதைக் கேட்டிட்டு அத்தான் ஒரு கரும்பலகை வாங்கிக் கேட்டுக்குக் கிட்ட அடிச்சார், ஒவ்வொரு நாளும் உடைஞ்ச கட்டி, கட்-அவுட் விழுந்த நேரம், நெட் போன நேரம் எழுதுறதுக்கு. ஒப்பரேட்டர் அண்ணையின்ர வெட்டின அரை நாள் சம்பளத்தையும் குடுத்தார், ஒண்டும் சொல்லாம, கவரில போட்டு.

சரி, சாமானுக்கு வாறன், ரிவியூ எண்டு சொல்லிட்டு எங்கயோ போயிட்டன். கூரைக்கு மேல வெளியில மாட்டுற ஃபோர்ஜி யூனிட் ஒண்டு, வெளி ஏபி ரெண்டு, ஒபிஸுக்கு உள் ஏபி ஒண்டு, வயராலயே கரண்ட் போற சுவிட்ச், ஒரு யுபிஎஸ், வயர் கிட்டத்தட்ட இருநூறு மீற்றர். எல்லாம் சேத்து ரெண்டு லட்சத்து நாப்பதுக்குக் கிட்ட, அளந்த ஆறாயிரம் கழிச்சுத்தான். முந்தி மூண்டு வருசத்தில வாங்கி எறிஞ்ச ரிப்பீட்டர், ரவுட்டர் எல்லாம் கூட்டிப் பாத்தன், அதைச் சொல்லாம விடுறன், மனுசி இதை வாசிப்பா. ரிப்பீட்டர் ஒண்டும் இல்லை, ஏபி எல்லாத்துக்கும் வயர் போகுது. கமரா, போன் எல்லாம் 5 கிகாஹேர்ட்ஸ், சென்சர் மட்டும் 2.4ல, பதினொராம் சனல். விடியக் காலமை 34 எம்பிபிஎஸ் இறங்குது, முந்தி 9. இரவு எட்டு மணிக்கு 11, முந்தி ரெண்டு மூண்டு. பிங் பகல் முழுக்க அறுவதுக்குக் கிட்ட. சென்சர் எட்டு மாசமா ஒரு நாளும் விடேல்ல.

குறை இல்லாம இல்லை. கார்த்திகை மாரி துவங்கி ரெண்டாம் கிழமை நெட் இழுத்தது, எல்லாரும் மழைக்குச் சிக்னல் வராது எண்டிச்சினம், அது கதை, இந்த அலைவரிசைக்கு மழை பெரிசா ஒண்டும் செய்யாது, பத்து கிகாஹேர்ட்ஸ் தாண்டினாத்தான் மழை ஒரு பிரச்சினை. ஏறிப் பாத்தா கூரை யூனிட்டின்ர கனெக்டருக்குள்ள தண்ணி, ரப்பர் டேப் சுத்தாம விட்டிருக்கிறான். கூப்பிட்டா ஆறு நாள் கழிச்சு வந்தான், காசு எடுக்கேல்ல, ஆனா ஆறு நாள். அடுத்தது கிளாம்ப். கடலுக்கு இவ்வளவு கிட்ட சாதா இரும்புக் கிளாம்ப் போட்டா என்ன நடக்கும் எண்டு கிண்ணியாக்காரனுக்கு நான் சொல்லியோ தெரியோணும்? தை மாசமே சிவப்புத் தண்ணி சுவரில வழிஞ்சிட்டு. எவர்சில்வர் கிளாம்ப் போட்டுத் தாறன் எண்டான், இண்டைக்கு வரைக்கும் வரேல்ல. வயர் கட்டின பிளாஸ்டிக் பட்டியும் வெயிலில கருகி வெடிக்குது, வெளியில கட்டுறதுக்குக் கறுப்புப் பட்டி கேட்டு வாங்குங்கோ. பாஸ்வேர்ட் எல்லாம் எழுதித் தந்தது நல்ல விசயம், கனபேர் அதைத் தராம வச்சுக்கொண்டு ஒவ்வொரு தரமும் காசு கறப்பாங்கள்.

அஞ்சுக்கு நாலு போடுறன். பிந்தி வந்ததுக்கும் கிளாம்புக்கும் ஒண்டு கழிச்சாச்சு. அளந்த அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனியா மார்க் போடச் சொன்னா அஞ்சு காணாது.

மும்பாய் ஆலையளுக்கு எட்டு ஒன்பது வருசம் கழிச்சுத் திரும்பப் போய்ப் பாத்திருக்கினம், பழகினதில கிட்டத்தட்டப் பாதியை விட்டுட்டினமாம், மனேஜர் மாறினது, முதலாளிக்கு நேரமில்லாதது எண்டு காரணம். அத்தான்ர மூத்தவள் இதைச் சொல்லேக்க நாங்க அப்பிடி விடமாட்டம் எண்டு அத்தான் சத்தியம் பண்ணாத குறை. நேற்று கேட்டடியில போய்க் கரும்பலகையைப் பாத்தன், கடைசியா எழுதியிருக்கிறது மாசி 19. வாட்ச்சர் ஐயாவைக் கேட்டன். வெண்கட்டி முடிஞ்சு போச்சாம்.